மழை விட்ட மறுநாள் வெயில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடை இடிமழை, அதன் பின் திரும்பி வரும் வெயில் ஆகியவை பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

"வட தமிழக உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை" என்று அறிக்கை வந்தது. குடியாத்தம் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டது. எங்கள் காட்பாடியில் புழுதிக்காற்றோடு சரி. அறிக்கை தவறா, நான் புரிந்துகொண்டது தவறா?
— வாசகர், காட்பாடி

அறிக்கை சரி. அதில் வரும் இடச் சொற்களுக்குக் கணக்கு உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகும் என்றால் 'ஓரிரு இடங்களில்'. 26 முதல் 50 சதவீதம் என்றால் 'ஒருசில இடங்களில்'. 51 முதல் 75 வரை 'பல இடங்களில்'. அதற்கும் மேலே 'பெரும்பாலான இடங்களில்'. ஆக, 'ஓரிரு இடங்களில் மழை' என்பதன் மறுபக்கம், நூற்றுக்கு எழுபத்தைந்து இடங்களாவது காய்ந்து கிடக்கும் என்பதுதான். உங்கள் ஊரில் பெய்யாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். பெய்தால் இடியோடும் பலத்த காற்றோடும் வரும். இப்படிப் படித்தால் ஏமாற்றம் இருக்காது.

கோடையில் தனித்து எழும் ஓர் இடிமேகத்தின் அகலம் பெரும்பாலும் 5 முதல் 10 கிலோமீட்டர். அதன் ஆயுள் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். எந்தப் பகுதியில் இப்படி மேகங்கள் எழும் என்பதை முந்தைய நாளே சொல்ல முடியும். எந்த ஊரின் தலைக்கு மேல் என்பதை மேகம் உருவான பிறகுதான் சொல்ல முடியும். உங்களுக்கு வந்த புழுதிக்காற்றும் பெரும்பாலும் குடியாத்தம் மழையின் காற்றுதான். மழைத்துளிகள் விழும்போதே ஒரு பகுதி ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கின்றன. குளிர்ந்த காற்று கனமாகித் தரையில் மோதி நாலாபுறமும் ஓடும். மழை வராத ஊருக்கும் அது போய்ச் சேரும்.

அறிக்கையைப் படிக்கையில் இன்னும் இரண்டு இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். பட்டியலில் உள்ள மழை அளவு, அன்று காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்துக்கானது. நேற்று மாலை பெய்த மழை இன்றைய தேதியில்தான் வரும். அடுத்தது, 'மிதமான மழை' என்ற சொல். 24 மணி நேரத்தில் 15.6 முதல் 64.4 மி.மீ. வரை பெய்தால் அது மிதமான மழை. 64.5 மி.மீ. தொட்டால்தான் கனமழை. 115.6-இலிருந்து மிக கனமழை, 204.5-இலிருந்து அதி கனமழை. ஐப்பசியில் ஒரு நாள் முழுக்கத் தூறி 60 மி.மீ. சேர்ந்தால் தெரு தாங்கும். சித்திரையில் அதே 60 மி.மீ. ஒரு மணி நேரத்தில் விழுந்தால் சுரங்கப்பாதை மூழ்கிவிடும். இரண்டுக்கும் அறிக்கையில் ஒரே பெயர்தான். கோடையில் 'மிதமான' என்ற சொல்லை நம்பி வண்டியைத் தாழ்வான இடத்தில் நிறுத்தாதீர்கள்.

காலை அறிக்கை அன்றைய திட்டத்துக்கு. மதியம் 2 மணிக்குப் பிறகு, மாவட்ட வாரியாக வரும் 'அடுத்த 3 மணி நேர' அறிவிப்பைப் பார்த்து முடிவெடுங்கள். கோடைக்கு அதுதான் பயன்படும். மஞ்சள் நிறம் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள் என்று பொருள்.

கோடை மழை ஏன் எப்போதும் சாயங்காலமே வருகிறது? காலையில் வானம் மூடியிருந்தால் மாலையில் மழை உறுதி என்று அப்பா சொல்வார். பல நாள் பொய்த்துவிடுகிறது.
— வாசகி, பெருந்துறை

தரைச் சூடு, ஈரப்பதம், காற்றை மேலே தூக்கிவிடும் ஒரு தூண்டுதல் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் கூட வேண்டும். வெப்பச்சலன மழை என்பது இதுதான். காலை 10 மணிக்கு மேல் தரை நன்றாகச் சூடேறி, அதை ஒட்டிய காற்று இலேசாகி எழும்பும். ஈரமில்லாத காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் குளிரும். ஈரம் ஒடுங்கி மேகமாகத் தொடங்கியதும் உள்ளிருந்த வெப்பம் வெளிப்படும். அதனால் காற்று குளிர்வது மெதுவாகி, இன்னும் வேகமாக ஏறும். கோடையில் நம் தலைக்கு மேல் சுமார் 5 கிலோமீட்டரில் உறைநிலை. நன்கு வளர்ந்த இடிமேகம் அதையும் தாண்டி 15 கிலோமீட்டர் வரை போகும். இவ்வளவும் நடந்து முடிய மதியம் இரண்டு, மூன்று மணி ஆகிவிடும்.

தூண்டுதல் பெரும்பாலும் காற்று மோதலால் வருகிறது. வங்கக் கடலிலிருந்து ஈரமான கிழக்குக் காற்றும், நிலத்தின் மேலிருந்து மேற்குக் காற்றும் சந்திக்கும் கோடு ஒன்று, இந்தப் பருவத்தில் மகாராஷ்டிரத்திலிருந்து உள் கர்நாடகம் வழியாக நம் உள் மாவட்டங்கள் வரை நீண்டு கிடக்கும். அறிக்கையில் 'கிழக்கு, மேற்கு திசைக் காற்று சந்திக்கும் பகுதி' என்று வருவது அதைத்தான். அந்தக் கோடு கிழக்கே நகர்ந்தால் மழையும் கிழக்கே நகரும்.

அப்பா சொன்ன அடையாளம் ஐப்பசி, கார்த்திகைக்குப் பொருந்தும். கோடையில் காலையிலேயே வானம் மூடிக்கொண்டால் தரை சூடேறாது. முதல் தேவையே விழுந்துபோகிறது. காலையில் பளிச்சென்ற வெயிலும் பிசுபிசுப்பும் இருந்து, 12, 1 மணிக்குள் காலிஃபிளவர் பூப்போல ஓரம் கூர்மையான வெண்மேகங்கள் மேல்நோக்கி வளர்ந்தால், அது நல்ல அறிகுறி. அதே மேகங்கள் தட்டையாகவே நின்றுவிட்டால், மேலே ஒரு சூடான அடுக்கு மூடிபோட்டு நிறுத்துகிறது என்று பொருள். மேற்கிலிருந்து வறண்ட காற்று உயரத்தில் புகுந்தாலும் மேகம் வளர்ந்த இடத்திலேயே கரைந்துவிடும்.

மழை பெய்து மறுநாள் தெர்மாமீட்டர் குறைவாகக் காட்டுகிறது. ஆனால் உடம்பு முந்தைய நாளைவிட அதிகமாகத் தவிக்கிறது. இது மனப்பிரமையா? வீட்டில் வயதான மாமியார் இருக்கிறார்.
— வாசகி, ஆவடி

பிரமை இல்லை. கோடை அறிக்கைகளில் மக்கள் சரியாகக் கவனிக்காமல் விடும் நாள், மழைக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான்.

உடம்பு குளிர்வது வியர்வை ஆவியாவதால். காற்றில் ஈரம் கூடினால் வியர்வை வழியும், ஆவியாகாது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து உடல் உணரும் வெப்பத்தைக் கணக்கிடும் அட்டவணை ஒன்று உண்டு. அதன்படி நிழலில் 100 டிகிரி பாரன்ஹீட், ஈரப்பதம் 45 சதவீதம் என்றால், உடல் உணர்வது 114 டிகிரி. மழைக்குப் பின் வெப்பம் 96-க்கு இறங்கி, ஈரப்பதம் 60 சதவீதமாக ஏறினால், உடல் உணர்வது 116. தெர்மாமீட்டரில் நான்கு டிகிரி குறைந்து, உடம்புக்கு இரண்டு டிகிரி கூடிவிட்டது. நேரடி வெயிலில் நின்றால் இதன் மேல் இன்னும் 15 டிகிரி வரை சேரும்.

கிராமத்துக்கும் நகரத்துக்கும் இதில் வேறுபாடு உண்டு. மே மாத வெயில் ஒரு நாளில் ஒரு சதுர மீட்டர் தரைக்குத் தரும் ஆற்றல் 20 முதல் 25 மெகாஜூல். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 மெகாஜூல் வேண்டும். மழை ஊறிய வயலில் மறுநாள் 5 மி.மீ. நீர் ஆவியானால், அதாவது சதுர மீட்டருக்கு 5 லிட்டர், 12 மெகாஜூல் அதற்கே போய்விடும். அன்றைய வெயிலில் பாதி, காற்றைச் சூடாக்காமல் நீரோடு கிளம்பிவிடுகிறது. மேல்மண் காய இரண்டு, மூன்று நாள் ஆகும். அதுவரை ஊரில் கொஞ்சம் தணிவு இருக்கும், பிறகு வெயில் பழைய இடத்துக்கு வரும். கான்கிரீட்டிலும் தாரிலும் ஊற இடமில்லை. பெய்தது சாக்கடையில் ஓடிவிடுகிறது, மறுநாளே சூடு திரும்புகிறது. காற்றில் மட்டும் ஈரம் மிச்சம் நிற்கும். ஆவடி போன்ற இடங்களில் தவிப்பு அதிகமாக இருப்பது இதனால்தான்.

மாமியாரைக் கவனிக்க வேண்டிய முறை: வயதானவர்களுக்குத் தாகம் தாமதமாகத்தான் தெரியும். கேட்கும்வரை காத்திராமல் மணிக்கு ஒருமுறை அரை டம்ளராவது கொடுங்கள். உப்பிட்ட மோர், நீராகாரம் இரண்டும் நல்லவை. இதய, சிறுநீரக நோயோ, நீர் பிரியும் மாத்திரையோ இருந்தால் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மழை பெய்த இரவில் கொசுவுக்காகச் சன்னல்களை முழுக்க அடைத்துவிடாதீர்கள். கொசுவலை அடித்து எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். காற்றோட்டம் இல்லாத அறையில் மின்விசிறி உள்ளே தேங்கிய ஈரக் காற்றையேதான் சுழற்றும்.

வெளியில் வேலை செய்பவர்கள் 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், 200 முதல் 250 மி.லி., குடிக்க வேண்டும். ஒரேயடியாக ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கிடைக்காத இடத்தில், காய்ச்சி ஆற்றிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலக்கலாம். கரண்டியைக் குவிக்காமல் தலை தட்டி அளக்க வேண்டும். உப்பு கூடினால் குழந்தைகளுக்குத் தீங்கு. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

உளறல், தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்து உடம்பும் கொதித்தால், அது வெப்பத் தாக்கு. உடல் வெப்பம் 104 டிகிரியைத் தாண்டியிருக்கும். 108-க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை சும்மா இருக்காமல் நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்க நீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணியோ பனிக்கட்டியோ வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. குளிர்விப்பதில் பத்து நிமிடம் தாமதமானாலும் அது பெரிய இழப்பு. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருப்பதால், இதில் உயிரிழந்தவர் குடும்பத்துக்கு நிவாரணமும் உண்டு.

"வெப்பம் இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் அதிகரிக்கும்" என்கிறார்கள். பாரன்ஹீட்டில் எவ்வளவு? எங்கள் மொட்டைமாடித் தெர்மாமீட்டர் 44 காட்டிய நாளில் அறிக்கையில் 40 என்றிருந்தது.
— வாசகர், சேலம்

வேறுபாட்டை மாற்றும்போது 32-ஐக் கூட்டக் கூடாது, 1.8-ஆல் பெருக்கினால் போதும். 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் உயர்வு என்பது 3.6 முதல் 5.4 டிகிரி பாரன்ஹீட் உயர்வு. '2 டிகிரி, அதாவது 35.6 பாரன்ஹீட் உயரும்' என்று அச்சிலேயே சில சமயம் வந்துவிடுகிறது. அது பிழை.

வானிலை நிலையத்தில் தெர்மாமீட்டர் வெள்ளை வர்ணமடித்த, சட்டச் சன்னல் போன்ற பக்கங்கள் கொண்ட மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும். அது அளப்பது நிழலில் ஓடும் காற்றின் வெப்பத்தை. மொட்டைமாடியில் இருப்பது காற்றோடு சேர்த்துத் தளத்தின் சூட்டையும் வெயிலின் கதிரையும் வாங்கிக்கொள்கிறது. நான்கு டிகிரி வேறுபாடு வருவது இயல்புதான். வடக்குப் பார்த்த சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நிழலில், தலை உயரத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள், அறிக்கைக்கு நெருங்கி வரும்.

'வெப்ப அலை' என்பதற்கும் இந்திய வானிலைத் துறையில் வரையறை உண்டு. சமவெளியில் குறைந்தது 40 டிகிரி செல்சியஸ் எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். கடலோரத்தில் 37 டிகிரி எட்டி 4.5 டிகிரி கூடியிருந்தால் போதும். 6.4-ஐத் தாண்டி உயர்ந்தால் கடும் வெப்ப அலை. இயல்பு எதுவானாலும் 45 டிகிரி தொட்டாலே வெப்ப அலைதான். ஒரு வானிலைக் கோட்டத்தில் இரண்டு நிலையங்களிலாவது இரண்டு நாள் தொடர வேண்டும், இரண்டாம் நாள்தான் அறிவிப்பு வரும். அறிவிப்பு வரவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன 96 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் இந்த வரையறைக்குள் வரவே வராது. ஆனால் உடம்பு அதைத் தாங்காது.

கத்திரி முடிந்த பிறகும் சென்னையில் வெயில் ஏன் உச்சத்தில் இருக்கிறது? கோவையில் உள்ள தம்பி 'இங்கே ஜில்லென்று காற்று' என்கிறான்.
— வாசகர், பெரம்பூர்

கத்திரி பஞ்சாங்கக் கணக்கு. பெரும்பாலான ஆண்டுகளில் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28-ஐ ஒட்டி முடியும். வானிலைத் துறை அறிக்கையில் அதற்கு இடம் இல்லை. சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருவது அதற்கும் முன்னாலேயே: கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, 11-இல், சென்னையில் ஏப்ரல் 25-ஐ ஒட்டி. எனவே மே கடைசி வெயிலுக்குச் சூரியனை மட்டும் காரணம் சொல்ல முடியாது. காற்றுதான் காரணம்.

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1. அதற்கு முன்னரே மேற்குக் காற்று வலுக்கத் தொடங்கிவிடும். அந்தக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக, மலை ஏறாமல், ஈரத்தோடும் குளிர்ச்சியோடும் கோவைக்குள் புகுகிறது. தம்பி அனுபவிப்பது அதை. மற்ற இடங்களில் மலையேறி ஈரத்தைக் கொட்டிவிட்டு, இறங்கும்போது சூடேறி, உள் மாவட்டங்களின் சூட்டையும் வாரிக்கொண்டு சென்னைக்கு வருகிறது. அதே காற்றுதான் கோவைக்குக் குளிர்ச்சி, சென்னைக்கு அனல்.

சென்னையின் ஒரே பாதுகாப்பு கடற்காற்று. அது நண்பகலுக்கே உள்ளே வந்தால் வெப்பம் 36, 37 டிகிரி செல்சியஸில் நின்றுவிடும். மேற்குக் காற்று அதைக் கரையிலேயே நிறுத்திவைத்து, 3 மணிக்குத்தான் உள்ளே விட்டால், வெப்பம் 40-ஐத் தாண்டிவிடும். வராமலே போகிற நாளும் உண்டு. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, கத்திரி முடிந்த பிறகு. இந்த நாட்களில் அறிக்கையில் 'மேற்குத் திசைக் காற்று வலுப்பெறும்' என்ற வரி வந்தால், மழை பற்றிய வரியைவிட அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

வங்கக் கடலில் மே மாதம் புயல் வந்தால் நமக்கு மழையா, வெயிலா?
— வாசகர், கடலூர்

புயல் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. 2010 மே மாதம் லைலா புயல் சென்னைக்கு அருகே கடந்து ஆந்திரக் கரையேறியது, வட கடலோரத்துக்கு நல்ல மழை. 2019-இல் ஃபானி நம்மை விட்டு விலகி வடக்கே ஏறி, மே 3 அன்று ஒடிசாவின் புரி அருகே கரை கடந்தது, இங்கே வெயில். பூமத்திய ரேகைக்கு வடக்கே புயலைச் சுற்றும் காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். புயல் வடகிழக்கே போனால், அதன் தென்மேற்கில் இருக்கும் நமக்கு வடமேற்குக் காற்று வரும். அது நிலக்காற்று, வறண்டது. கடலின் ஈரமெல்லாம் புயலை நோக்கிப் போய்விடும், கடற்காற்றும் நின்றுவிடும். பாதை வடக்கே என்று உறுதியானதும், குடை எடுப்பதைவிடத் தண்ணீர் சேமிப்பதுதான் புத்திசாலித்தனம்.

தோட்டத்தில் நூறு நாள் வேலை ஆட்களும் ஆடு மேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். மின்னல் நேரத்தில் என்ன செய்வது என்று படிப்படியாகச் சொல்லுங்கள்.
— வாசகி, பாலக்கோடு

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்கும்வரை எத்தனை வினாடியோ, அதை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். 30 வினாடிக்குள் கேட்டால் மேகம் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, வேலையை நிறுத்த வேண்டும். எண்ணிக்கொண்டிருக்க முடியாவிட்டால், இடி காதில் விழுந்ததுமே கிளம்பிவிடுங்கள். மழை தொடங்கவில்லை என்பது ஆறுதல் இல்லை. மேகத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் இறங்கும்.

போக வேண்டிய இடம் கான்கிரீட் கூரையுள்ள கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய, இரும்புக் கூரையுள்ள கார், பேருந்து. காரில் காப்பாற்றுவது டயர் இல்லை, சுற்றியுள்ள இரும்புக் கூடு. ஆட்டோ, கூரையில்லாத டிராக்டர், ஓலைக் குடிசை, பக்கம் திறந்த தகரக் கொட்டகை எதுவும் பாதுகாப்பில்லை. மோட்டார் அறைக்குள் போனால் குழாயையும் சுவிட்ச் பெட்டியையும் தொடாமல் நடுவில் நில்லுங்கள்.

மரத்தடியில் ஒதுங்குவதுதான் நம் ஊரில் அதிக உயிரைக் குடிக்கிறது. தனித்து நிற்கும் பனை, தென்னை, புளிய மரம் மின்னலை வாங்கி, அருகில் நிற்பவர் மீது பக்கவாட்டில் பாய விடும். மரத்தைத் தொடாமல் நின்றாலும், வேர்ப் பக்கத் தரையில் மின்சாரம் பரவும். ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே அழுத்த வேறுபாடு உண்டானால் உடம்பு வழியே பாயும். முன்கால், பின்கால் இடைவெளி அதிகம் உள்ள மாடுகள் கூட்டமாகச் சாவது இதனால்தான். ஆடுமாடுகளை மரத்தில் கட்டாதீர்கள், கம்பி வேலியோரமும் விடாதீர்கள்.

எதுவுமே அருகில் இல்லை என்றால், மேட்டிலிருந்து இறங்கி, தேங்கிய நீரை விட்டு விலகி, ஆளுக்கு ஆள் 20, 30 அடி இடைவெளி விட்டு, பாதங்களைச் சேர்த்துக் குந்தி உட்காருங்கள். படுக்கக் கூடாது. இது கடைசி வழி, பாதுகாப்பான இடத்துக்கு ஈடாகாது. மண்வெட்டி, கடப்பாரையைத் தூரமாக வைத்துவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வயலுக்குத் திரும்பாதீர்கள். மழை விட்டதும் கிளம்பிப்போய் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

தாக்குண்டவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்பது பொய். அந்த பயத்தால் காப்பாற்றக்கூடியவரும் போய்விடுகிறார். அவர் உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சும் நாடியும் இல்லையென்றால் உடனே மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5, 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். பயிற்சி உள்ளவர் 30 அழுத்தலுக்கு இரண்டு முறை வாயோடு வாய் மூச்சும் தரலாம். 108 வரும்வரை நிறுத்த வேண்டாம். புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் தந்த 'தாமினி' செயலி, 20, 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மின்னல் விழுந்தால் எச்சரிக்கும். மேஸ்திரி ஒருவர் கைபேசியிலாவது அது இருக்கட்டும்.

இடி இடிக்கும்போது மெயினை அணைத்தால் டிவி தப்புமா?
— வாசகர், நாகர்கோவில்

தப்பாது. சுவிட்சின் சிறு இடைவெளியை மின்னல் அழுத்தம் எளிதாகத் தாண்டும். பிளக்கைப் பிடுங்க வேண்டும். கேபிள், டிஷ் ஒயர், இணைய ஒயர் மூன்றையும் கழற்ற வேண்டும், பல வீடுகளில் கேபிள் வழியாகத்தான் டிவி போகிறது. இதையெல்லாம் மேகம் கருக்கும்போதே செய்துவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு ஒயரைத் தொடாதீர்கள், குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வேண்டாம், இரும்புக் குழாய் வழியே மின்சாரம் வரும். சார்ஜரில் இல்லாத கைபேசியால் ஆபத்தில்லை.

ராடார் படத்தைப் பார்த்து மழை வருமா என்று நாமே கணிக்க முடியுமா?
— வாசகர், திருவள்ளூர்

முடியும், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு. படத்தின் மூலையில் உள்ள நேரத்தை முதலில் பாருங்கள். அது உலகப் பொது நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். இதை மறந்து பழைய படத்தைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். பக்கத்து வண்ண அட்டவணையில் 20-ஐ ஒட்டிய எண்கள் தூறல், 40-ஐத் தாண்டினால் பலத்த மழை, 55-க்கு மேல் ஆலங்கட்டி இருக்கக்கூடும். அரை மணி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் ஒரே மேகத்தைக் கண்டுபிடித்து, எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து அதே திசையில் நீட்டுங்கள். வைகாசி, ஆனியில் சித்தூர், ராணிப்பேட்டைப் பக்கம் எழுந்து கிழக்கே வரும் மேகங்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆனால் மேகம் வழியிலேயே செத்துப்போகலாம், அதன் குளிர்காற்று மோதிப் புதிய மேகம் உங்கள் தலைக்கு மேலேயே பிறக்கவும் செய்யலாம். ராடாரிலிருந்து தொலைவு கூடக்கூட, பூமியின் வளைவால் கதிர் மேகத்தின் உச்சியை மட்டும் பார்க்கும். தூரத்து வண்ணத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

கோடை உழவுக்கு எவ்வளவு மழை போதும்? வீட்டிலேயே அளக்க வழி உண்டா?
— வாசகர், கோவில்பட்டி

25 மி.மீ. பெய்தால் காய்ந்த மண் ஏறக்குறைய அரை அடி நனையும், கலப்பை இறங்கும். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை என்பது 4,047 லிட்டர், ஆக 25 மி.மீ. ஒரு லட்சம் லிட்டர். உங்கள் கரிசலில் பெய்த உடனே இறங்கினால் மண் கலப்பையில் ஒட்டி, பிறகு பாறைக்கட்டியாகும். பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் பதம் வரும்வரை பொறுங்கள். சரிவுக்குக் குறுக்கே உழுதால்தான் அடுத்த மழை நிலத்திலேயே நிற்கும்.

அளக்க, வாயிலிருந்து அடிவரை ஒரே அகலமுள்ள, அடி தட்டையான கண்ணாடிக் குவளையோ வெட்டிய குழாயோ போதும். உள்ளே நிற்கும் நீரின் உயரம் மில்லிமீட்டரில் எவ்வளவோ அதுவே மழை. வாளி மேலே அகன்று கீழே குறுகும், கணக்குத் தப்பும். விளிம்பு தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கட்டும், மழை தெறித்து உள்ளே விழாது. அருகில் மரமோ சுவரோ இருந்தால், அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். காலை 8.30-க்கு அளந்து, எழுதி, கவிழ்த்துவிட்டால் அறிக்கையோடு ஒப்பிடலாம்.

குலை தள்ளிய வாழை, கோடை மழைக் காற்றில் ஒரே இரவில் சாய்ந்துவிடுகிறது. என்ன செய்ய?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

வாழையைச் சாய்ப்பது மழை இல்லை, முதல் பதிலில் சொன்னபடி மேகத்திலிருந்து இறங்கி மழைக்கு முன் ஓடிவரும் குளிர்காற்று. மார்ச் முடிவதற்குள் சவுக்குக் கம்போ மூங்கிலோ முட்டுக் கொடுத்துவிட வேண்டும். மரம் குலைப் பாரத்தால் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முட்டு, எதிர்ப்பக்கம் இழுகயிறு. கயிறு தண்டை அறுக்காமல் இருக்க வாழைச் சருகை மடித்து இடையில் வையுங்கள். ஒற்றைக் கம்பை நேராக நட்டுக் கட்டினால் சுழல்காற்றில் கம்போடு சேர்ந்து விழும். இரண்டு கம்புகளைக் கத்தரிபோல் கட்டி, கவட்டையில் தண்டைத் தாங்க விடுவதே நிற்கும். தண்டுக்கு அடியில் மண் அணைத்து, பக்கக் கன்றுகளையும் காய்ந்த இலைகளையும் கழித்துவிட்டால் காற்றுப் பிடிப்பு குறையும். இடிமழை அறிவிப்பு உள்ள நாளில் நீர் பாய்ச்சாதீர்கள், ஊறிய மண்ணில் கிழங்கோடு பெயர்ந்துவிடும்.

ஆலங்கட்டி விழுந்து சேதமானால், பயிர்க் காப்பீடு செய்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். விழுந்த மரங்களை வெட்டி அகற்றும் முன் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.